கால்கரியின் மூட்டமான பிற்பகல்கள்

செப்டம்பர் பிறந்துவிட்டால் எனக்குக் கால்கரி நினைப்பு வந்துவிடும். சென்னையில் அப்போதும் புழுக்கம் குறைந்தபாடில்லை. அங்கே ‘போ’ (Bow) ஆற்றங்கரைப் பாப்ளர் மரங்கள் மஞ்சளாகத் தொடங்கியிருக்கும். கோடையில் வெட்டுக்கிளிகளைப் பாய்ந்து பிடித்த ட்ராவுட் மீன்கள் பொடிப்பூச்சிகளின் பக்கம் திரும்பியிருக்கும்.

கனடாவிலேயே வெயிலுக்குப் பேர்போன ஊர் கால்கரி. அதனால்தான் மூட்டம் போட்ட பிற்பகல் அத்தனை அருமை. தூறலும் குளிருமாக, காற்று அடங்கிக் கிடக்கும் அந்த நேரத்தில்தான் ‘ப்ளூ விங்டு ஆலிவ்’ என்ற மேஃப்ளை பூச்சிகள் புறப்படும், நம்மூரில் மழை விட்டதும் ஈசல் கிளம்புவதுபோல. மாதக்கணக்கில் கல்லடியில் வாழ்ந்த இளம்பூச்சி நீர்மட்டத்துக்கு ஏறி, தோலை உரித்து இறகோடு வெளிவரும். இறகு முளைத்த பிறகும் இன்னொரு முறை தோலுரிப்பது பூச்சிகளிலேயே மேஃப்ளை இனம் மட்டும்தான். வளர்ந்தபின் அது எதையும் உண்பதில்லை, வாழ்வதும் சொற்ப காலமே. வெயிலடித்தால் இறகு சட்டென்று காய்ந்து பறந்துவிடும். ஈரக்காற்றில் அதற்கு நேரமாகும். சாம்பல் நிற இறகை நிமிர்த்தியபடி நீரோட்டத்தோடு மிதந்து வரும். மீன் காத்திருப்பதும் அதற்குத்தான்.

பெரிய ட்ராவுட் துள்ளாது. முதலில் மூக்கு தெரியும், பிறகு முதுகுத் துடுப்பு, கடைசியில் வால் நுனி. அடுத்த பூச்சிக்கும் அதே இடத்தில்தான் எழும். தூண்டில் முள்ளில் நூலும் இறகும் சுற்றிக் கட்டிய என் போலி ஈ சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. தங்கூசி இழுத்து அந்த ஈ ஓட்டத்துக்குக் குறுக்கே இம்மியளவு நகர்ந்தாலும் மீன் தொடாது. ஃபிஷ் க்ரீக் பூங்காவை ஒட்டிய கரையில், இடுப்பளவு தண்ணீரில், விரல் மரத்துப்போக நின்ற அந்தப் பொழுதுகளுக்காகத்தான் இப்போதும் மனசு அடித்துக்கொள்கிறது. பிடித்த ட்ராவுட்டைத் திரும்ப விட்டுவிட வேண்டும் என்பது அங்கே சட்டம். நனைந்த கையில் ஒரு கணம் கிடக்கும் பிரௌன் ட்ராவுட்டின் விலாவில் சிவப்புப் புள்ளிகள், ஒவ்வொன்றையும் சுற்றி வெளிறிய வளையம்.

அந்த மீனின் பூர்வீகம் ஐரோப்பா. 1925இல் குஞ்சுகளை ஏற்றிப்போன லாரி பழுதாகி நிற்க, அவற்றைக் காப்பாற்ற வழியில்லாமல் கேரட் க்ரீக் ஓடையில் விட்டார்கள். அங்கிருந்து போ ஆற்றுக்கு வந்து பெருகின. நானும் அந்த ஊருக்கு வெளியிலிருந்து போனவன்தான். அது அங்கேயே வேர்விட்டது, நான் திரும்பிவிட்டேன்.

கால்கரியில் இருக்கும் நம்மவர்களுக்கு ஒரு வார்த்தை. செப்டம்பர் கடைசியில் வானம் மூடியிருந்தால் வீட்டுக்குள் முடங்காதீர்கள், மதியம் இரண்டு மணிக்கு மேல் ஆற்றுக்குப் போய் நில்லுங்கள். தூண்டில் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அக்டோபர் பிறந்துவிட்டால், ஆழமில்லாத இடத்தில் வெளுப்பாகத் தெரியும் சரளைத் திட்டுகளை மட்டும் மிதித்துவிடாதீர்கள். பிரௌன் ட்ராவுட் அங்கேதான் முட்டையிடும்.