படுவான்கரையிற் பழகிய ஆட்டம்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று வரைந்து தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, தமிழாசிரியனாகிய என்னிடமிருந்து இலக்கியப் பொருள் ஒன்றையே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். யானோ ஒரு விடுமுறைப் பயணத்தைப் பற்றி எழுதத் துணிகின்றேன். அப்பயணத்திற்கு வித்திட்டவர் நம் கல்லூரியின் பழைய மாணவர் ஒருவர் என்பதே அத்துணிவுக்குக் காரணம்.

கனடாவில் வாழும் அவ்வன்பர், யான் பணிபுரியும் புல்மோட்டைக்கு ஒருநாள் வந்திருந்தார். கருமணலையும் கொக்கிளாய்க் களப்பையும் பார்த்து முடித்தபின், தாமும் மனைவியாரும் ஆர்மீனியா தேசத்திற்கு ஒரு குழுவுடன் சென்று வந்த செய்தியைக் கூறினார். காலையில் அந்நாட்டுக் கிராமிய நடனங்களைப் பழகுதல். பிற்பகலில் கார்னி என்னும் பழைய கோயிலையும், மலைப்பாறையைக் குடைந்தமைத்த கெகார்ட் மடத்தையும், பிறவற்றையும் காணுதல். இவ்வாறே அவ்விடுமுறை கழிந்ததாம். ஐம்பது வயதிற்கு மேல் நடனம் பழகச் சென்றாரே என்று எனக்கு நகைப்பு உண்டாயிற்று. அவர் மேலும் சொல்லக் கேட்டபின் நகைப்பு அடங்கிற்று.

ஆர்மீனியர் தமிழருக்கு முற்றிலும் அயலார் அல்லர். அவர்தம் மொழியில் உலகில் முதன்முதல் வெளிவந்த பத்திரிகையாகிய ‘அஸ்தரார்’ 1794ஆம் ஆண்டில் அச்சேறியது சென்னையிலேதான். அந்நகரத்து ஆர்மீனியன் தெருவைத் தமிழர் நா அரண்மனைக்காரன் தெருவாக்கிவிட்டது; மொழிநூல் கற்பிக்கும்போது யான் மாணவர்க்குக் காட்டும் உதாரணங்களுள் இதுவும் ஒன்று. அது நிற்க.

1915ஆம் ஆண்டு தொடங்கி உதுமானியப் பேரரசில் ஆர்மீனியர் பெருந்தொகையாகக் கொல்லப்பட்டனர். உயிர் தப்பியோர் ஊரையும் வயலையும் கோயிலையும் விட்டு ஓடினர். சாசூன், வான், மூஷ் முதலிய தம் ஊர்ப்புறங்களுக்கு அவர்கள் மீளவில்லை. எனினும் அவ்வூர்களின் ஆட்டங்களைத் தம் கால்களிலே கொண்டுசென்றனர். சுண்டுவிரல் கோத்தும் தோளோடு தோள் சேர்ந்தும் ஆடும் அவ்வட்ட ஆட்டங்களை இன்று பேரப்பிள்ளைகள் பழகுகின்றனர். அவற்றுள் ‘கோச்சாரி’ என்பதனை 2017இல் யுனெஸ்கோ நிறுவனம் மானிட குலத்தின் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகப் பட்டியலிட்டது. இதனைக் கூறிய அன்பர், விடைபெறுமுன் ஒரு வினாவைத் தொடுத்தார்: “சேர், எங்கட பிள்ளைகள் எங்கட ஆட்டத்தைப் பழக எங்கே போறது?”

அவ்வினாவுக்கு விடை மட்டக்களப்பு என்பதில் ஐயமில்லை. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனைப் பல்கலைக்கழக மாணவரைக் கொண்டு கூத்தினை மேடையேற்ற முயன்றபோது, அவருக்குத் துணைநின்றவர்கள் மட்டக்களப்பு அண்ணாவிமாரும் அப்பகுதி மாணவருமே ஆவர். 1962இல் ‘கர்ணன் போர்’, 1965இல் ‘இராவணேசன்’ என அவர் அளித்தவை, விடிய விடிய ஆடும் கூத்தைச் சுருங்கிய நேரத்துள் அடக்கிக் கற்றோரையும் காணச் செய்தன. பல்கலைக்கழகம் அண்ணாவியாரைத் தேடிச் சென்ற காலம் அது.

சித்திரை விடுமுறையில் நாங்கள் பதினெண்மர் புறப்பட்டோம்: மேல்வகுப்பு மாணவர் பன்னிருவர், ஆசிரியர் நால்வர், பழைய மாணவர் இருவர். குச்சவெளி, நிலாவெளி கடந்து திருகோணமலை சேர்ந்து, அங்கிருந்து கிண்ணியா, மூதூர், வெருகல், வாகரை வழியே சென்றோம். முன்னாளில் ஆறுகள்தோறும் பாதைக்காகக் காத்துக் கிடந்த வழி அது. 2009இல் கிண்ணியாவில் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டபின், துறையடியிற் கதை பேசும் வாய்ப்பும் போயிற்று.

வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரைச் சிற்றூர் ஒன்றில், ஆசிரியர் கலாசாலையில் என்னுடன் பயின்ற நண்பர் ஒருவரின் ஏற்பாட்டால் தங்கினோம். அவ்வூர் அண்ணாவியார் எழுபது கடந்தவர். வடமோடி, தென்மோடி இரண்டும் வல்லவராயினும் எங்களுக்கு வடமோடியே பொருத்தம் என்று கண்டார். ஒரு கூத்தை முறையாகப் பழகப் பல மாதங்கள் செல்லும். ஆளுக்கேற்ற பாத்திரம் தெரிந்து கொடுக்கும் ‘சட்டங்கொடுத்தல்’ முதலாக, சதங்கையணி விழா, அடுக்குப் பார்த்தல், அரங்கேற்றம் என அது படிப்படியாக வளர்வது. ஊரே கூடி வளர்ப்பது. ஆறு நாளில் யாது பழகலாம்? “நடக்கப் பழகலாம்” என்றார் அண்ணாவியார்.

அங்ஙனமே ஆயிற்று. வைகறையிற் கோயில் வீதி மணலில் வட்டமாக நிறுத்துவார். மத்தளம் அவர் மடியில். தாளக்கட்டை முதலில் வாயாற் சொல்லவேண்டும். பின்னர்க் கையாற் போடவேண்டும். அதன் பின்னரே கால். சொல் பிழைத்தவனைக் கால் எடுக்க விடமாட்டார். இலக்கணத்தில் அசையும் சீரும் பிரிக்கத் தடுமாறிய பிள்ளைகள் இங்கே பிழையின்றிப் பிரித்தனர். இருபது ஆண்டுகளாகக் கரும்பலகையில் யான் எழுதி வந்ததை அவர் நான்கு நாளில் மணலில் எழுதிவிட்டார் என்றே சொல்லவேண்டும். கரப்புடுப்பு ஒன்றை எடுத்துக் காட்டியபோது, அதன் பாரத்தைத் தூக்கிப் பார்த்த மாணவர், இதனை உடுத்துக்கொண்டு விடியுமட்டும் ஆடினார்களா என வியந்தனர்.

பிற்பகல்களில் இடங்களைப் பார்த்தோம். கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரரைத் தொழுதோம். போர்த்துக்கேயர் 1628இற் கட்டி, 1638இல் ஒல்லாந்தரிடம் இழந்த கோட்டையைச் சுற்றி வந்தோம். வெயிலைத் தவிர அதிற் சொல்ல அதிகமில்லை. கல்லடியில் விபுலாநந்த அடிகளாரின் சமாதியில்தான் நெடுநேரம் நின்றோம். திருகோணமலை இந்துக் கல்லூரியைப் பொறுப்பேற்று நடத்திய பெருமகனார், நாடக இலக்கணம் கூறும் ‘மதங்க சூளாமணி’யின் ஆசிரியர் என்பதைக் காலையிற் கூத்தாடி மாலையில் அவர் சமாதியில் நின்று கேட்ட பிள்ளைகள், தேர்வுக்காகக் கேட்டவர்களைப் போல் இருக்கவில்லை.

நான்காம் நாள் நிகழ்ந்தது ஒன்று. எங்கள் மாணவருட் பாதிப்பேர் புல்மோட்டை முஸ்லிம் பிள்ளைகள். அவர்களுள் சற்று ஒதுங்கி நின்ற ஒருவனை அண்ணாவியார் அழைத்து, “மகன், உங்கட ஊரில என்ன ஆடுவாங்க?” என்றார். அவன் நாணத்துடன், தன் மூத்தவாப்பா பொல்லடி அடிப்பார் என்றான். கோலாட்டத்தை ஒத்தது அது. உடனே வேலியிலிருந்து இரண்டு கம்பு முறித்து வரச்செய்து அடித்துக் காட்டச் சொன்னார். அவன் அடிக்க, இரண்டு சுற்று உற்றுக் கேட்டிருந்து, மூன்றாம் சுற்றில் மத்தளத்தை அதனோடு இணைத்துவிட்டார். அன்று முற்பகல் முழுவதும் எங்களுக்கு அவனே அண்ணாவி.

தென்னமரவடியைச் சேர்ந்த மாணவன் ஒருவன் இதனைக் கண்டுகொண்டிருந்தான். புல்மோட்டைக்கு அயலிலுள்ள அத்தமிழ்க் கிராமத்தார் 1984இல் அடியோடு பெயர்ந்து, கால் நூற்றாண்டுக்குப் பின்னரே மீளத் தொடங்கினர் என்பது நம் மாவட்டத்தார் அறிந்தது. அன்றிரவு அவன் என்னிடம் வந்து, “எங்கட ஊரில ஒண்டுமே இல்லையா, சேர்?” என்று கேட்டான். ஆர்மீனியர் கதையை அவனுக்கு எடுத்துரைத்து, உன் அம்மப்பாவைக் கேள் என்றேன்.

ஊர் திரும்பியபின் கேட்டிருக்கிறான். முல்லைத்தீவுப் பக்கம் அகதியாய் இருந்த காலத்தில், அங்கு ஆடப்படும் கோவலன் கூத்தில் இரண்டு முறை வேடங்கட்டியவராம் அப்பெரியவர்! இத்தனை ஆண்டும் வீட்டார் எவரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. இப்பொழுது பேரன் கொப்பி ஒன்றில் எழுதி வருகிறான். பாட்டு நினைவில் நிற்கிறது; ஆட்டம், மத்தளம் கேட்டால்தான் வருமென்கிறார் கிழவர். எண்பத்தோராவது வயதில் இருக்கும் அவரை மாதக்கணக்கிற் காத்திருக்கச் சொல்லுதல் முறையன்று.

ஆதலின், ஆவணி விடுமுறையில் படுவான்கரை அண்ணாவியாரைப் புல்மோட்டைக்கு அழைத்திருக்கின்றோம். காலையில் தென்னமரவடியிற் கூத்து, பிற்பகலிற் திரியாய், குச்சவெளி, கன்னியா வெந்நீர்க் கிணறுகள், ஒருநாள் பொல்லடி. பழைய மாணவருள் வர விரும்புவோர் பாயும் தலையணையும் கொண்டு வருதல் வேண்டும். புல்மோட்டைக் கருமணல் கால் சுடுமே என்று அண்ணாவியார் தொலைபேசியில் ஐயுற்றார். வெயில் தாழ்ந்தபின் அரிசிமலைக் கடற்கரையில் ஆடலாம், அங்கே மணல் வெண்மை, அரிசி போலப் பருத்தது என்று பொல்லடிக்காரப் பையன் அவருக்கு விடை சொல்லியிருக்கின்றான்.