சித்தப்பாவின் மூச்சு

2024 ஜூனில் கள்ளக்குறிச்சிச் செய்தி வந்தபோது மெல்பனில் குளிர்காலம். மகளுக்குப் பல்கலைக்கழகத்தில் முதல் பருவத் தேர்வு. கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்தவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள். முடிவில் 60 பேருக்கும் மேல். எங்கள் ஊர் அங்கிருந்து பேருந்தில் ஒரு மணி நேரம். கைபேசியைக் கீழே வைக்க முடியவில்லை. தட்டில் சோறு ஆறிக்கொண்டிருந்தது.

எதிரே உயிர்வேதியியல் குறிப்புகளோடு உட்கார்ந்திருந்த மகள் எட்டிப் பார்த்தாள்.

“மெத்தனாலா? அதுக்கு மருந்தே சாராயம்தான்ப்பா, தெரியுமா?”

விளையாட்டாகச் சொல்கிறாள் என்று நினைத்தேன். நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தாள்.

மெத்தனால் தன்னளவில் அவ்வளவு கொடிய விஷம் இல்லையாம். அதைக் கொடியதாக்குவது நம்முடைய கல்லீரல்தான். அங்கே ஆல்கஹால் டிஹைட்ரோஜினேஸ் என்றொரு நொதி மெத்தனாலை ஃபார்மால்டிஹைடாக மாற்றுகிறது. இன்னொரு நொதி அதை ஃபார்மிக் அமிலமாக்குகிறது. அமிலம் சேர்ந்து ஆளை வீழ்த்தப் பெரும்பாலும் 12 மணியிலிருந்து 24 மணி நேரம் ஆகும். ராத்திரி குடித்தவர் நன்றாகத் தூங்கி எழுந்து, மறுநாள் மதியம் விழுவது அதனால்தான். அந்த அமிலம் உயிரணுவுக்குள் ஆக்சிஜனைப் பயன்படுத்தும் நொதியை முடக்கிவிடுகிறது. காற்று உள்ளே போகிறது, ஆனால் எதற்கும் உதவாது. கண் நரம்பு சீக்கிரமே அடிவாங்கும்.

“பனி கொட்டுற வயலைப் பாக்குற மாதிரி எல்லாம் வெள்ளையா இருக்குன்னு சொல்வாங்களாம்” என்றாள்.

எங்கள் ஊரில் பனி கொட்டாது. சித்தப்பா சொன்னது, “பஞ்சு பறக்குதுடா. வெளக்கப் போடு.” அப்போது பட்டப்பகல். 1989, எனக்குப் பத்து வயது. திண்ணையில் கிடந்த அவருக்கு விசிறச் சொல்லி என்னை உட்கார வைத்திருந்தார்கள். ஆயா மோரில் எலுமிச்சை பிழிந்து ஊற்றினாள், கடைவாயில் வழிந்தது. அம்மா திட்டிக்கொண்டே இருந்தாள். அவர் ஆழமாக, வேகமாக, துருத்தி ஊதுகிற மாதிரி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். போதைக் குறட்டை என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். மாட்டு வண்டி கட்டிப் பெரியாஸ்பத்திரிக்குக் கிளம்பியபோது மணி ஐந்து. போய்ச் சேரவில்லை.

அந்த மூச்சுக்கும் மகளின் நோட்டில் விளக்கம் இருந்தது. இரத்தத்தின் பிஹெச் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவில் நிற்க வேண்டும். 7.4-லிருந்து 7.1-க்கு இறங்குவது எனக்குச் சின்னச் சரிவாகத்தான் பட்டது. “அது மடக்கைக் கணக்குப்பா, அமிலம் ரெண்டு மடங்காயிடுச்சுன்னு அர்த்தம்” என்றாள். வருகிற அமிலத்தை இரத்தத்திலுள்ள பைகார்பனேட் பிடித்துக் கரியமில வாயுவாக மாற்றும். நுரையீரல் அதை வெளியே தள்ளும். பைகார்பனேட் குறையக் குறைய நுரையீரல் இன்னும் கடுமையாக வேலை செய்து ஈடுகட்டப் பார்க்கும். அன்று திண்ணையில் நான் கேட்டது குறட்டை இல்லை. உடம்பு அமிலத்தோடு நடத்திய கடைசிச் சண்டை.

ஊரில் நெஞ்சுவலி என்று சொல்லிவிட்டோம். சொல்லிச் சொல்லி எங்களுக்கே அது உண்மையாகிவிட்டது. இங்கே மருத்துவரிடம் முதன்முதலில் போனபோது, குடும்பத்தில் இதய நோய் உண்டா என்ற கேள்விக்கு, “உண்டு, அப்பாவின் தம்பி, 31 வயதில்” என்று நான்தான் எழுதிக் கொடுத்தேன். அதற்காக வருடந்தோறும் எனக்கு ஈசிஜி எடுக்கிறார்கள்.

சரி, சாராயம் எப்படி மருந்தாகிறது? அந்த நொதியில் இருப்பது ஒரே இருக்கை. மெத்தனாலும் நாம் வழக்கமாக மது என்று சொல்கிற எத்தனாலும் அதற்குப் போட்டி போடுகின்றன. நொதிக்கு எத்தனால் மீது பிடிப்பு பல மடங்கு அதிகம். எத்தனால் இருக்கும்வரை மெத்தனால் அமிலமாகாமல் காத்துக் கிடக்கும். அதற்குள் டயாலிசிஸில் அதை வெளியேற்றிவிடலாம். எங்கள் தொழிலில் வேண்டாத கோரிக்கைகளால் சர்வரை நிரப்பி முடக்குவது குற்றம். இங்கே அதுவே வைத்தியம். போதை தராமல் அந்த இருக்கையை அடைத்துக்கொள்ளும் ஃபோமெபிசோல் என்ற மருந்தும் இருக்கிறது. கிடைக்கிற இடங்களில் அதைத்தான் கொடுக்கிறார்கள்.

இதைக் கேட்டதும் எனக்கு வேறொருவர் ஞாபகம் வந்தார். சித்தப்பாவின் கூட்டாளி. அன்று மதியம் இடுப்பில் குவாட்டர் பிராந்தியைச் செருகிக்கொண்டு வந்து, “ரெண்டு முழுங்கு குடுத்தா தெளிஞ்சிடுவான் ஆயா” என்று கெஞ்சினார். ஆயா தொடப்பத்தால் அடித்துத் துரத்தினாள். அதற்குப் பிறகு அவர் எங்கள் தெருவுக்குள் வந்ததில்லை.

அப்பாவிடம் எண் வாங்கி, அடுத்த ஞாயிறு அவரைக் கூப்பிட்டேன். நான் யார் என்று சொல்லிப் புரியவைக்கவே நேரமாயிற்று. பிறகு நொதியும் இருக்கையும் பற்றித் தெரிந்த தமிழில் சொன்னேன். “நீங்க அன்னிக்குச் சொன்னது ஒண்ணும் பைத்தியக்காரத்தனம் இல்ல மாமா.”

வெகுநேரம் சத்தமே இல்லை.

“அப்ப குடுத்திருந்தா பொழைச்சிருப்பானா?”

இந்தக் கேள்வியை மகளிடம் முன்பே கேட்டிருந்தேன். பார்வை போகிற கட்டத்தில் அமிலம் ஏற்கெனவே உருவாகியிருக்கும், நொதியைத் தடுப்பது இருக்கிற அமிலத்தை எடுக்காது, அளந்து கொடுக்க ஆஸ்பத்திரி வேண்டும், பைகார்பனேட் வேண்டும், டயாலிசிஸ் வேண்டும் என்று சொல்லியிருந்தாள்.

“அது மட்டும் பத்தியிருக்காது மாமா” என்றேன். “முந்தின ராத்திரியே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கணும்.”

“முந்தின ராத்திரி நல்லாத்தானே இருந்தான்” என்றார். “நானும் அவனும் ஒண்ணாத்தான் குடிச்சோம். நான் அதுக்கு மேல பிராந்தியும் குடிச்சேன்.”