துரு

தூத்துக்குடியில் காற்றிலேயே உப்பு இருக்கிறது. ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். என்னுடைய பழைய வெள்ளைக் காரின் பின்சக்கரத்துக்கு மேலே மிளகளவு பெயின்ட் பெயர்ந்து, நடுவில் செம்பழுப்பாக ஒரு புள்ளி தெரிந்தது. ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது என் பெயர். தவணை கட்டியதும் நான்தான். பட்டறையில் முதலில் கேட்டது, "சார் வரலியா?" பிறகு, அந்தப் பக்கம் முழுக்க டிங்கரிங் பார்த்துப் பெயின்ட் அடிக்க வேண்டும் என்று ஒரு தொகை சொன்னார். என் தனியார் பள்ளிச் சம்பளத்தில் பாதி. ஏன் முழுக்க என்று கேட்டேன்.

"அது ஒங்களுக்குப் புரியாது மேடம். சார் வரட்டும், பேசிக்கிடுவோம்."

துரு எனக்குப் புரியாதாம். அம்மா தோசைக்கல்லைக் கழுவினால் ஈரம் போகத் துடைத்து எண்ணெய் தடவித்தான் வைப்பாள். அரிவாள்மனையில் பழுப்பு கண்டால் சாம்பல் போட்டுத் தேய்ப்பாள். இரும்பையும் ஈரத்தையும் ஒட்டவிடாமல் வைப்பது எங்கள் வீட்டில் தினப்படி வேலை. அதே வேலைக்குச் சக்கரம் முளைத்ததும் அது ஆண்களின் வித்தையாகிவிடுகிறது.

அந்த எண்ணெய் செய்வதைத்தான் காரில் பெயின்ட் செய்கிறது. தகரத்தின்மேல் பிரைமர், நிறம், கிளியர் கோட் எல்லாம் சேர்ந்தே ஒரு மில்லிமீட்டரில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான். தெறிக்கிற ஒரு ஜல்லி போதும். துரு இரும்பைவிட அதிக இடம் பிடிக்கும். பெயின்டை அடியிலிருந்து தூக்கியபடியே பரவும். கொப்பளமாக உப்பியிருந்தாலோ, குத்தினால் ஊசி இறங்கினாலோ பட்டறைதான், அதில் வீம்பு கூடாது. என்னுடையது அந்தக் கட்டத்துக்குப் போகவில்லை.

வெயில் காய்ந்த ஒரு ஞாயிறு. கழுவி, உலரவிட்டு, சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டினேன். 400 நம்பர் உப்புத்தாளைத் துண்டாக்கிப் பென்சிலின் அடியில் ஒட்டி, தகரம் வெள்ளியாய்த் தெரியும்வரை தேய்த்தேன். துளி துரு மிஞ்சினாலும் புதுப் பெயின்டுக்கு அடியில் அது தன் வேலையைப் பார்க்கும். (துருவைக் கருப்பாக்கி நிறுத்துவதற்கென்று கடையில் விற்கும் சில திரவங்களில் டானிக் அமிலம் இருக்கிறது. நம் கடுக்காயின் துவர்ப்பும் டானின்தான்.) அன்றைக்கே பிரைமர் வைத்தேன், எங்கள் ஊர்க் காற்றில் வெறும் தகரத்தை ஒரு ராத்திரிகூட விட்டுவைக்க முடியாது. காரில் ஒட்டியிருந்த கலர் கோடைச் சொல்லி வாங்கிய டச்-அப் பெயின்டைத் தீக்குச்சி முனையால் தொட்டு வைத்தேன். மெல்லிசாக மூன்று பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு. மேலே கிளியர் கோட். வாங்கும்போது கடைக்காரர், "யாருக்கும்மா, பையனுக்கா?" என்றார். எனக்கு என்றேன்.

கிட்டப் போய்ப் பார்த்தால் தழும்பு தெரியும். பல வருஷம் வெயில் குடித்த வெள்ளையும் புட்டியில் வரும் வெள்ளையும் ஒன்றல்ல. எனக்கு அதில் வருத்தமில்லை.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டு அக்கா தன் ஸ்கூட்டரின் அடிப்பாகத்தைக் காட்டி, "இதுவும் துருவா, பாரேன்" என்றார். இருவரும் குத்தவைத்து உட்கார்ந்து டார்ச் அடித்துப் பார்த்தோம். ஊசி இறங்கியது. பட்டறைக்குத்தான் போகணும் என்றேன்.

"அப்ப நீயும் வா. என்ன செய்யப் போறாகன்னு கேக்கணும்லா?"