நான்கு சுவருக்குள் நால்வர்

சென்னையில் ஸ்குவாஷ் என்றாலே பூந்தமல்லி நெடுஞ்சாலையில் நேரு பூங்கா அகாடமிதான் நினைவுக்கு வரும். எங்கள் பகுதி கிளப் அத்தனை பெரிசில்லை. மரத்தரை, வெள்ளைச் சுவர், ரப்பர் வாசனை, மாடிப்படி வரை 'டப் டப்' சத்தம். அவ்வளவுதான்!

2014-ல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் நம் ஜோஷ்னாவும் தீபிகாவும் இரட்டையர் தங்கம் வாங்கினார்களே, அதைச் சொல்லிச் சொல்லியே என் நாத்தனார் பெண்கள் இரட்டையருக்கு எங்கள் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

ஒற்றையர் கோர்ட் 6.4 மீட்டர் அகலம். இரட்டையருக்கு இன்னும் அகலம் வேண்டும். இங்கே அந்த 6.4-லேயே நாலு பேர், நாலு மட்டை! பந்தோ 4 சென்டிமீட்டர்தான். கண்குழிக்குள் அப்படியே புகுந்துவிடும். அதனால் இரட்டையருக்குப் பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். வீட்டில் போடுகிற பவர் கண்ணாடி உதவாது, சகோதரிகளே. உடைந்தால் அந்தச் சில்லே ஆபத்து. பாலிகார்பனேட் கண்ணாடிதான் வேண்டும்.

மூன்றாவது கேமில் ஒன்பதுக்கு ஒன்பது. பந்து எனக்கு வாகாக வந்தது. எதிரே அந்தப் பெண்ணின் பின்னந்தலை, ஒரு முழ தூரத்தில்!

"அண்ணி, அடிங்க!"

மட்டையை நிறுத்தி 'லெட்' கேட்டேன். இடிக்கும் என்று பயந்தால் கேட்கலாம். அந்தப் பாயிண்டை மறுபடி ஆடுவார்கள். ஆடினோம். போயிற்று. அடுத்ததும் போயிற்று.

ஆட்டோ ஏறும் வரை நாத்தனார் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து என் முழங்காலுக்கு நல்லெண்ணெய் காய்ச்சிக் கொடுத்தவளும் அவள்தான்.