இரண்டு உள்ளீடுகள், ஒரே சாட்சி

உயரழுத்தக் கலன் ஒன்றை ஆய்வுக்கூடத்தில் நிறுவும் ஆய்வு மாணவரிடம் பெரும்பாலும் ஒரே ஓர் அழுத்த உணரிதான் இருக்கும். இரண்டாவதற்கான கொள்முதல் கோப்பு ஏதோ ஒரு மேசையில் கையொப்பத்துக்காகக் காத்திருக்கும். பாதுகாப்புக் கட்டுப்பாட்டுக் கருவியிலோ அனலாக் உள்ளீடுகள் பல காலியாக இருக்கும். அந்த ஒரே உணரியின் சமிக்ஞையை இரண்டு உள்ளீடுகளுக்கும் கொடுத்துவிட்டால் என்ன என்ற எண்ணம் அப்போதுதான் எழுகிறது. ஆய்வேட்டில் ‘இரட்டைப் பாதுகாப்பு’ என்று எழுதவும் வழி பிறக்கிறது.

எண்ணம் தவறன்று. ஆனால் இணைக்கும் முறையிலேயே முதல் ஆபத்து காத்திருக்கிறது. இத்தகைய உணரிகள் அளவை 4 முதல் 20 மில்லி ஆம்பியர் வரையிலான மின்னோட்டமாக அனுப்புகின்றன. ஒரே மாதிரியான இரண்டு மின்னோட்ட உள்ளீடுகளைப் பக்க இணைப்பில் சேர்த்தால் அது இரண்டாகப் பிரியும். கலனின் அழுத்தம் முழு அளவை எட்டி உணரி 20 மில்லி ஆம்பியர் அனுப்பும்போது, ஒவ்வோர் உள்ளீட்டுக்கும் 10 மட்டுமே சேரும். கருவி அதை 37.5 விழுக்காடு என்று படிக்கும். இரண்டு உள்ளீடுகளும் ஒரே எண்ணைச் சொல்வதால் ஒப்பீட்டுச் சோதனையிலும் குறை தென்படாது. அழுத்தமே இல்லாதபோது இரண்டும் 2 மில்லி ஆம்பியர் காட்டுவது ஒன்றே அறிகுறி. அதைப் புறக்கணித்தவருக்கு மறு எச்சரிக்கை கிடைக்காது.

தொடரிணைப்பில் மின்னோட்டம் பிரியாது. ஆனால் 250 ஓம் மின்தடை கொண்ட ஒவ்வோர் உள்ளீடும் 20 மில்லி ஆம்பியரில் 5 வோல்ட்டை எடுத்துக்கொள்ளும். 24 வோல்ட் மின்வழங்கியில் இரண்டுக்கும் 10 போக, உணரிக்கும் கம்பிக்கும் சேர்த்து 14 வோல்ட்டே மிஞ்சும். அது போதுமா என்று உணரியின் விவரக் குறிப்பைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். மேலும், ஓர் உள்ளீட்டு அட்டையைக் கழற்றினால் சுற்று அறுந்து இரண்டு அளவீடுகளும் ஒருசேர மறையக்கூடும். துல்லியமான ஒரே 250 ஓம் மின்தடையை வெளியே பொருத்தி, அதன் மீதுள்ள 1 முதல் 5 வோல்ட்டை இரண்டு மின்னழுத்த உள்ளீடுகளுக்கும் தருவது ஒரு வழி. சமிக்ஞையைப் பிரித்துத் தரும் தனிமைப்படுத்தியைப் பயன்படுத்துவது மற்றொரு வழி.

இத்தனையும் சரியாகச் செய்த பிறகும் ஒரு கேள்வி எஞ்சுகிறது: எது இரட்டையாயிற்று? உள்ளீட்டு அட்டை பழுதானால் மற்றொன்று காக்கும். கம்பி அறுந்தால் மின்னோட்டம் 3.6 மில்லி ஆம்பியருக்குக் கீழே சென்று கோளாற்றைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் கலனிலிருந்து உணரிக்கு வரும் மெல்லிய குழாய் அடைத்துக்கொண்டு, அளவு 11 மில்லி ஆம்பியரிலேயே உறைந்து நின்றால், இரண்டு உள்ளீடுகளும் அதே பொய்யை ஒத்த குரலில் சொல்லும். ஒருவர் வாய்க்கேட்டதை இருவர் வந்து கூறினால் வழக்கில் சாட்சி இரண்டாகிவிடுமா?

இங்கிலாந்தின் பன்ஸ்ஃபீல்ட் எண்ணெய்க் கிடங்கு இதற்குக் கொடுத்த விலை பெரிது. 2005 டிசம்பர் 11 அதிகாலையில் 912ஆம் எண் தொட்டியில் பெட்ரோல் நிரம்பிக்கொண்டிருந்தபோது மட்டம் காட்டும் அளவி உறைந்து நின்றது. அத்தொட்டிக்குப் படிப்படியாக மூன்று உயர்மட்ட எச்சரிக்கைகள் இருந்தன. மூன்றும் அதே அளவியை நம்பியிருந்ததால் ஒன்றுகூட ஒலிக்கவில்லை. தனித்து இயங்க வேண்டிய உயர்மட்ட நிறுத்துவிசை ஒன்றும் இருந்தது. அதன் சோதனை நெம்புகோலை உரிய நிலையில் நிறுத்தும் பூட்டு பொருத்தப்படாததால் அதுவும் செயல்படவில்லை. காலை 6.01 மணிக்குக் கிடங்கு வெடித்தது. 43 பேர் காயமடைந்தனர். ஞாயிற்றுக்கிழமை அதிகாலை என்பதால் உயிரிழப்பு நேரவில்லை.

ஆகவே அந்த ஆய்வு மாணவர் ஆய்வேட்டில் எழுத வேண்டிய வாக்கியம் வேறு: ‘உள்ளீடுகள் இரண்டு, உணரி ஒன்று. உணரியின் பிழைக்கு இந்த அமைப்பில் பாதுகாப்பு இல்லை.’ தேர்வாளர் முன் அவ்வாக்கியம் சற்றுக் கூச்சத்தைத் தரலாம். எனினும் அடுத்த ஆண்டு அதே கலனருகே நிற்கப்போகும் இளைய மாணவர் அதைப் படித்துத்தான் எவ்வளவு அழுத்தம் வரை செல்லலாம் என்று முடிவு செய்வார். காத்திருக்கும் கொள்முதல் கோப்பு நகர்வதற்கும், இரண்டாவது உணரி கலனின் வேறொரு துளையில் தனிக் குழாயோடு வந்து சேர்வதற்கும் அவ்வாக்கியமே வலுவான காரணமாக அமையும்.