அடுப்படியில் ஒரு மெட்டு

என் உம்மா பாடமாட்டார். கலியாண வீட்டில் பெண்கள் கூடிப் பாடும்போதும் கைதட்டுவதோடு சரி. ஆனால் சுபஹுத் தொழுதுவிட்டு அடுப்பை மூட்டும் நேரத்தில் மட்டும் சொற்களில்லாத ஒரு மெட்டு அவரிடமிருந்து வரும். "அது என்ன பாட்டு உம்மா?" என்று சிறுவயதில் கேட்டிருக்கிறேன். "பாட்டில்ல மகள், திருச்சி றேடியோ" என்பார்.

முல்லைத்தீவு நீராவிப்பிட்டியில் உம்மம்மாவின் வீட்டில் ஒரு வானொலிப் பெட்டி இருந்ததாம். விடியற்காலையில் திருச்சி நிலையம் ஒலிபரப்பைத் தொடங்கும்போது அந்த இசை வரும். 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் சுமார் 75,000 பேர் வெளியேற்றப்பட்டபோது வானொலிப் பெட்டியும் வீட்டோடு நின்றுவிட்டது. உம்மாவுக்கு அப்போது ஒன்பது வயது. மெட்டு மட்டும் அவரோடு புத்தளம் போய், பல ஆண்டுகளின் பின் வன்னிக்குத் திரும்பி வந்தது.

சென்ற ஆண்டு பொது அறிவுப் போட்டி ஒன்றுக்கு ஆயத்தம் செய்தபோதுதான் அந்த இசையை அமைத்தவர் யாரென்று தெரிந்துகொண்டேன். வோல்டர் கௌஃப்மன் என்ற பெயரே பரவலாகச் சொல்லப்படுகிறது. இன்று செக் நாட்டிலுள்ள கார்ல்ஸ்பாட்டில் 1907 இல் பிறந்த யூதர். பிராக் நகரில் இசை பயின்றவர். ஹிட்லர் ஆட்சிக்கு வந்த மறு ஆண்டு, 1934 இல், பம்பாய்க்கு வந்து சேர்ந்தார். சிவரஞ்சனி இராகத்தின் சாயலில் அமைந்த அந்தச் சிறிய இசை அகில இந்திய வானொலியின் அடையாளமானது. உம்மா முணுமுணுப்பது ஓர் அகதியின் மெட்டு என்று அறிந்த அன்று எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

அவர் கப்பலேறாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? எங்கள் வரலாற்று ஆசிரியையிடம் கேட்டேன். அவர் இன்னொரு பெயரைச் சொன்னார்: ஹான்ஸ் கிராசா.

கிராசா 1899 இல் பிராக் நகரில் பிறந்த யூத இசையமைப்பாளர். 1938 இல் சிறுவர்களுக்காக 'புருண்டிபார்' என்ற இசை நாடகத்தை அமைத்தார். நோயுற்ற தாய்க்குப் பால் வாங்கக் காசில்லாத ஓர் அண்ணனும் தங்கையும் சந்தையில் பாடுகிறார்கள். வாத்தியம் வாசித்துப் பிழைக்கும் புருண்டிபார் அவர்களை விரட்டுகிறான். ஒரு குருவியும் பூனையும் நாயும் ஊர்ப்பிள்ளைகளும் துணைக்கு வர, பிள்ளைகள் வெல்கிறார்கள். கதை அவ்வளவுதான்.

1942 ஓகஸ்டில் கிராசா தெரேசின் முகாமில் அடைக்கப்பட்டார். அங்கே இருந்த வாத்தியங்களுக்கு ஏற்றவாறு அந்த இசையை மறுபடி எழுதினார். 1943 செப்டெம்பர் 23 முதல் முகாமுக்குள்ளேயே அது 55 தடவைகள் மேடையேறியது. நடித்த பிள்ளைகள் இரயிலில் ஏற்றி அனுப்பப்பட, அவர்களின் இடத்துக்கு வேறு பிள்ளைகள் வந்தார்கள். 1944 ஜூன் 23 இல் செஞ்சிலுவைச் சங்கப் பிரதிநிதிகள் வந்தபோது முகாமைப் பூச்செடிகளால் அழகுபடுத்தி, அந்த நாடகத்தையும் காட்டினார்கள். வந்தவர்கள் பார்த்துவிட்டுப் போனார்கள். அதே ஆண்டு ஒக்டோபரில் கிராசா ஒஷ்விட்ஸ் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். பாடிய பிள்ளைகளில் பெரும்பாலோரும் அப்படியே.

இதை அன்றிரவு உம்மாவிடம் சொன்னேன். முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"எங்களையும் பாடச் சொன்னாங்க மகள்."

அதுவரை எனக்குத் தெரியாத கதை அது. புத்தளத்து முகாமில் கிடுகுக் கொட்டில்தான் பள்ளிக்கூடம். வெளியிலிருந்து யாராவது வாகனத்தில் வந்தால் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி வரவேற்புப் பாடல் பாடவைப்பார்களாம். குரல் நல்லதென்று உம்மாவை எப்போதும் முன்னால் நிறுத்துவார்கள். வந்தவர்கள் கைதட்டுவார்கள், படம் பிடிப்பார்கள், பிஸ்கட் கொடுப்பார்கள். "நாங்க சந்தோசமா இருக்கிறமெண்டு நினைச்சுப் போயிடுவாங்க. நான் பாடினதாலதான் அப்பிடி நினைச்சாங்களோ எண்டு இருக்கும்." பதினொரு வயதில் உம்மா பாடுவதை நிறுத்திவிட்டார்.

தெரேசினையும் புத்தளத்தையும் நான் ஒரே தராசில் வைக்கவில்லை. அங்கே பிள்ளைகள் கொல்லப்பட்டார்கள். என் உம்மா உயிரோடு இருந்து எனக்குச் சோறு போடுகிறார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் பார்க்க வருபவர்களுக்காகப் பாட நிறுத்தப்பட்ட ஒரு பிள்ளையின் மனம் எனக்கு முதன்முறையாகப் புரிந்தது. அந்தப் பிள்ளை பொய் சொல்லவில்லை. கேட்டவர்கள்தான் பாட்டோடு கேட்பதை நிறுத்திக்கொண்டார்கள்.

"அங்க பாடின புள்ளையள்ட பேரை யாராவது எழுதி வெச்சிருக்காங்களா?" என்று உம்மா கேட்டார்.

புருண்டிபாராக நடித்த ஹொன்சா திரைக்லிங்கர் என்ற அநாதைச் சிறுவனின் பெயரை வாசித்திருந்தேன், அவனும் திரும்பவில்லை. சொன்னேன். உம்மா அந்தப் பெயரை மெதுவாக ஒருமுறை சொல்லிப் பார்த்தார். பிறகு, கொட்டிலில் தன் பக்கத்தில் நின்று பாடியவர்களின் பெயர்களை விரல்விட்டு எண்ணத் தொடங்கினார். ஒன்பதாவது பெயரில் நின்றுவிட்டார். "இன்னொருத்தி இருந்தாள்... பேர் வருகுதில்ல" என்றார்.

தோழியரே, உங்கள் வீட்டிலும் பாடாத ஒருவர் இருக்கலாம். ஏன் என்று ஒருமுறை கேளுங்கள். பெயர்கள் மறந்துபோவதற்கு முன் கேளுங்கள்.