சைக்கிளுக்கு ஒரு சாட்சி

அரியப்பம்பாளையத்திலிருந்து சத்தியமங்கலத்துக்கு தினமும் சைக்கிளில் கல்லூரிக்கு வரும் மாணவன் அவன். பிளஸ் ஒன் படிக்கும்போது அரசாங்கம் கொடுத்த விலையில்லா சைக்கிள்தான் இன்றும் ஓடுகிறது. அரை மணி நேரப் பயணம். ஒரு நாள் சாயங்காலம் வீடு திரும்பும்போது, பின்னால் வந்த லாரி ஒன்று உரசினாற்போல் கடந்து போனது. ஹேண்டில்பார் ஒரு ஆட்டம் ஆடி, அடுத்த நொடி அவன் சாலையோர மண்ணில் கிடந்தான்.

நல்லவேளை, முழங்கையில் சிராய்ப்பு மட்டும்தான். எதிரே இருந்த டீக்கடையிலிருந்து ஓடி வந்தவர் கேட்ட முதல் கேள்வி, "நம்பரப் பாத்தியா தம்பி?"

"இல்லீங்ண்ணா..."

அந்த "இல்லை"தான் அவனை ஆக்ஷன் கேமரா தேட வைத்தது.

நம்பர் தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் என்ன என்று தோன்றலாம். சட்டத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருக்கிறது. இடித்த வண்டி எதுவென்று தெரிந்தால் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் வழக்குப் போடலாம். அடிபட்டவரின் வயது, வருமானம், ஊனம், மருத்துவச் செலவு எல்லாவற்றையும் கணக்கிட்டு இழப்பீடு கிடைக்கும். வண்டி தெரியாமல் போனால்? 2022 ஏப்ரல் 1 முதல் அமலுக்கு வந்த மத்திய அரசுத் திட்டப்படி உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாய், படுகாயத்துக்கு 50 ஆயிரம் ரூபாய். அவ்வளவுதான்! ஒரு குடும்பத்துக்கு வர வேண்டிய தொகையை ஒரு நம்பர் பிளேட் தீர்மானிக்கிறது.

சரி, கேமராவுக்கு வருவோம். ஆக்ஷன் கேமரா சைக்கிள்காரர்களுக்காகப் பிறந்ததல்ல. அலைச்சறுக்கு விளையாட்டில் தன்னைத் தானே படம் எடுத்துக்கொள்ள ஆசைப்பட்ட அமெரிக்கர் நிக் வுட்மேன் தொடங்கிய கோப்ரோ நிறுவனம், 2004-ல் முதல் கேமராவை விற்பனைக்குக் கொண்டு வந்தது. மணிக்கட்டில் கட்டிக்கொள்ளும் அந்தக் கேமராவில் 35 மி.மீ. பிலிம்தான் போட வேண்டும்! இன்று கோப்ரோ, டி.ஜே.ஐ., இன்ஸ்டா360 என்று பல பெயர்கள். விளம்பரங்களில் வருவதெல்லாம் மலை உச்சி, கடல் அலை, பாராசூட். அவனுக்குத் தேவை அது இல்லை. அவனுக்கு ஒரு சாட்சி வேண்டும். நல்ல சாட்சிக்கு என்ன தகுதி? கண் தெளிவாக இருக்க வேண்டும், தூங்கக் கூடாது, பார்த்தது மறக்கக் கூடாது, சொன்னால் நம்பும்படி இருக்க வேண்டும். இந்த நான்கையும் வைத்தே அவன் தேடினான்.

முதலில் கண். லாரி மணிக்கு 50 கி.மீ. வேகத்திலும் சைக்கிள் 15 கி.மீ. வேகத்திலும் போனால், கடந்த பிறகு லாரி வினாடிக்குச் சுமார் 10 மீட்டர் விலகிப் போகிறது. லாரியின் நம்பர் பிளேட் 340 மி.மீ. அகலம். 120 டிகிரி பார்க்கும் லென்சில், 10 மீட்டர் தூரத்தில் அந்த பிளேட் 1080பி வீடியோவில் ஏறக்குறைய 30 புள்ளி அகலம்தான் வரும். ஒரு வரியில் ஆறு எழுத்து என்றால் எழுத்துக்கு ஐந்து புள்ளி. படிக்கவே முடியாது! 4கே என்றால் 60 புள்ளி, எழுத்துக்குப் பத்து. கஷ்டப்பட்டுப் படித்துவிடலாம். ஆக, 4கே என்பது அழகுக்காக அல்ல, அந்த ஒரு வினாடிக்காக. சில மலிவுக் கேமராக்கள் சின்ன சென்சாரில் எடுத்த படத்தைப் பெரிதாக்கி '4கே' என்று அட்டையில் போட்டு விற்கின்றன. சென்சாரே 4கே எடுக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

இருட்டும் நேரத்தில் இன்னொரு சிக்கல். வெளிச்சம் குறைந்தால் கேமரா ஷட்டரை மெதுவாக்கும். சைக்கிள் குலுங்கினால் எழுத்து இழுபட்டுப் போகும். ஷட்டர் வேகத்தைக் கையால் அமைக்க முடிகிற கேமராவாக இருந்தால் நல்லது. படம் கொஞ்சம் இருண்டு, பொரிப்பொரியாக வரும், பரவாயில்லை. எழுத்து நிற்கும்.

இரண்டாவது, தூங்காமை. போக அரை மணி, வர அரை மணி என்பதால் பேட்டரி அவனுக்குப் பிரச்சினை இல்லை. ஆனால் சித்திரை வெயிலில் ஓரமாக நிறுத்திப் பேசிக்கொண்டிருந்தால் கேமரா சூடாகி அணைந்துவிடலாம். ஓடும்போது காற்று பட்டு ஆறும், நின்றால் ஆறாது.

மூன்றாவது, ஞாபகம். 4கே வீடியோ வினாடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி. 128 ஜிபி கார்டில் மூன்று மணி நேரம்கூட வராது. பழையதை அழித்துப் புதியதை எழுதும் 'லூப்' வசதி இதற்குத்தான். இதில் ஒரு கண்ணி உண்டு. சில கேமராக்களில் '5 நிமிட லூப்' என்று வைத்தால் கடைசி 5 நிமிடம் மட்டுமே மிஞ்சும். கீழே விழுந்து, எழுந்து, தண்ணீர் குடித்துவிட்டு கேமராவை நிறுத்துவதற்குள் விபத்துக் காட்சியே அழிந்திருக்கும்! கார்டு நிறையும் வரை வைத்திருக்கும் அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

நான்காவது, நம்பகம். 2024 ஜூலை 1 முதல் பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக பாரதிய சாக்ஷ்ய அதிநியம் வந்துவிட்டது. அதன் 63-வது பிரிவுப்படி மின்னணுப் பதிவைத் தாக்கல் செய்ய, அதன் ஹாஷ் மதிப்போடு சான்றிதழ் தர வேண்டும். ஃபைலில் ஒரு சின்ன மாற்றம் செய்தாலும் அந்த மதிப்பு மாறிவிடும். அதனால் வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு, வாட்ஸ்அப்பில் சுருங்கி வந்த பிரதி உதவாது. கார்டை அப்படியே கழற்றிப் பத்திரப்படுத்துவதே நல்லது.

எங்கே மாட்டுவது? ஹெல்மெட்டில் மாட்டினால் தலை திரும்பும் பக்கமெல்லாம் பார்க்கும். ஆனால் விழும்போது அந்தக் கட்டி தலைக்கே ஆபத்தாகலாம். கேரள மோட்டார் வாகனத் துறை 2022-ல் ஹெல்மெட் கேமராவுக்கு எதிராக நடவடிக்கை அறிவித்தது இதனால்தான். அவன் ஹேண்டில்பாரையே தேர்ந்தெடுத்தான். முன்கூடை மறைக்காதபடி சற்று உயர்த்தி, அதிர்வு குறைய கிளாம்புக்கு அடியில் பழைய டியூப் துண்டு ஒன்றைச் சுற்றினான். முன்னால் ஒரு கேமரா போதுமா என்றால், கடந்து போகிற வண்டியின் பின் நம்பர் அதில் விழும். ஆனால் சைக்கிள் சாய்ந்துவிட்டால் அது வானத்தையோ மண்ணையோதான் பார்க்கும். இந்தக் குறை இருக்கத்தான் செய்கிறது.

விலை? இருபதாயிரம், முப்பதாயிரம், அதற்கு மேலும். சைக்கிளைவிடப் பல மடங்கு. லீவு நாட்களில் விடியற்காலை மல்லிகைத் தோட்டத்தில் பூப் பறிக்கப் போய்ச் சேர்த்த காசு அவனிடம் இருந்தது. அம்மாதான் கேட்டார்:

"ஏங்கண்ணு, இடிச்சவன் யாருன்னு அது சொல்லும். இடிக்காம இருக்க என்ன பண்ணும்?"

அவனிடம் பதில் இல்லை. உண்மையில் எந்தக் கேமராவும் அதற்குப் பதில் சொல்லாது. சாட்சி நடந்ததைச் சொல்லும், நடக்காமல் தடுக்காது. அதோடு கேமரா இருக்கிறது என்ற தைரியத்தில் லாரிக்காரரிடம் வம்புக்குப் போவது, பண்ணாரி தாண்டி யானையைப் படம் பிடிக்கக் காட்டுச் சாலையில் நிற்பது போன்ற புது ஆபத்துகளும் வரும்.

கடைசியில் அவன் செய்தது இதுதான். முதலில் நல்ல சிவப்புப் பின்விளக்கு, முன்விளக்கு, வலது பக்கம் ஒரு கண்ணாடி, சட்டைமேல் போட ஒளிரும் பட்டை. மீதியில், புது மாடல் வந்ததால் விலை இறங்கிய பழைய 4கே கேமரா ஒன்று. லென்ஸ் மேல் உள்ள கண்ணாடியைத் தனியாக மாற்ற முடிவதால் அதை எடுத்தான். கீழே விழுந்தால் முதலில் உடைவது அதுதானே!

இப்போது மாதங்கள் ஓடிவிட்டன. கார்டில் பதிவாவதெல்லாம் பஸ்சும் கரும்பு லாரியும் குறுக்கே ஓடும் ஆடும்தான். லூப் ஓடி எல்லாம் அழிந்துகொண்டே இருக்கிறது. ஒரு தடவைகூட எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் லாரிகள் முன்னைவிடக் கொஞ்சம் விலகிப் போவதாக அவனுக்குத் தோன்றுகிறது. அது கேமராவால் அல்ல, பின்விளக்கால் என்கிறார் அம்மா.